வேலூரில் இருந்தபடி புதுச்சேரி லிசேயின் வரலாற்றை எழுதுவது எப்படி?

லாங் பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் என்று ஓடுகிற கடை. நடுநடுவே பள்ளிக்கூட மலர் வரும். வெள்ளி விழா, பொன் விழா, நூற்றாண்டு விழா. எதைப் பிரித்தாலும் முதல் பாரம் (16 பக்கம்) முழுக்க வாழ்த்துச் செய்தி, அடுத்து நிறுவனர் படம், அதன் கீழே 'அறியாமை இருளகற்ற உதித்த ஞாயிறு' என்று ஒரு கட்டுரை. அந்தப் பள்ளியில் எத்தனை வாத்தியார் இருந்தார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள் படித்தார்கள், சம்பளம் எவ்வளவு கட்டினார்கள் என்று ஒன்றும் இருக்காது. பெயரை மட்டும் மாற்றினால் அதே கட்டுரையை வேறு பள்ளிக்கும் போடலாம். போட்டும் இருக்கிறார்கள், அந்த ஃபைல் என்னிடமே இருக்கிறது.

காட்பாடியில் மகள் வீட்டோடு தங்கியிருக்கும் ஒரு பெரியவர் ஒருநாள் கடைக்கு வந்தார். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் சொல்வார்களே, 'சொல்தா' வீட்டுப் பிள்ளை. படித்தது அங்குள்ள பிரெஞ்சு லிசே. 1826-இல் தொடங்கிய பள்ளி அது. "2026-ல எங்க ஸ்கூலுக்கு 200 வயசு தம்பி. பிரெஞ்சுல எழுத ஆள் இருக்காங்க. தமிழ்ல ஒரு புக்கு போடணும்" என்றார். எனக்கு பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. சரி, கூட உட்காருகிறேன் என்று உட்கார்ந்தேன். அதில் கிடைத்த வேலைமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுடையது பிரெஞ்சுப் பள்ளியாக இல்லாமல் ராணிப்பேட்டை பக்கத்து போர்டு ஸ்கூலாக இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் ஒரு பக்கத்தில் அரசியலை எழுதுங்கள்

பள்ளியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் ஊரை யார் ஆண்டார்கள் என்பது, வலது பக்கம் பள்ளிக்கு என்ன ஆனது என்பது. இடது பக்கத்தை முழுக்க நிரப்பிய பிறகுதான் வலது பக்கத்தில் கை வைக்க வேண்டும். பிரெஞ்சு அரசு வெளிநாட்டில் நடத்திய பள்ளி என்றால் பாரிஸில் கொடி மாறும்போதெல்லாம் பள்ளியின் பெயர்ப் பலகையும் மாறும். இந்தத் தாள் கையில் இல்லாமல் பழைய ஆவணம் தேடப் போனால் பாதி உங்கள் கண்ணில் படாது.

புதுச்சேரிக்கு எங்கள் தாள் இப்படி வந்தது. நெப்போலியன் காலத்துப் போர்களில் ஆங்கிலேயர் கையில் இருந்த ஊர் 1816 டிசம்பரில் மறுபடி பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. பத்து வருடம் கழித்து 1826-இல் தெபாசின் தெ ரிஷ்மோன் ஆளுநராக வந்தார். இரண்டு வருடம் போலத்தான் இருந்தார், ஆனால் ஓடி ஓடி வேலை பார்த்திருக்கிறார். பள்ளி 1826-இல், பொது நூலகம் 1827-இல். இன்று ரோமன் ரோலான் நூலகம் என்று இருப்பது அதுதான். குளூனி புனித ஜோசப் சபைக் கன்னியர் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்ததும் அதே 1827-இல். அப்போது பிரான்சில் மன்னராட்சி, அதனால் பள்ளிக்கு 'கொலேழ் ருவாயால்' என்று பெயர், அதாவது அரசர் கல்லூரி. 1830-இல் ஒரு புரட்சி. 1848-இல் குடியரசு. 1852-இல் பேரரசு. 1870-இல் மறுபடி குடியரசு. பிற்காலத் தாள்களில் அதே பள்ளி 'கொலேழ் கொலோனியால்', குடியேற்றக் கல்லூரி. பேரரசுக் காலத் தாள்களில் 'இம்பீரியல்' என்றும் போட்டுத் தேடிப் பாருங்கள். கடைசியாக வந்து நின்ற பெயர்தான் லிசே.

நம் பக்கத்தோடு ஒப்பிட்டால்தான் 1826 எவ்வளவு முந்தியது என்று உறைக்கும். சென்னை மாநிலக் கல்லூரியாகப் பின்னால் வளர்ந்த உயர்பள்ளி 1841-இல்தான் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857. நம் வேலூர் ஊரிசு கல்லூரி 1898. டாக்டர் ராதாகிருஷ்ணன் படித்த கல்லூரி என்று நாம் பெருமையாகச் சொல்கிற ஊரிசு தொடங்கும்போது அந்தப் பள்ளிக்கு வயது 72.

இடது பக்கத்தின் கடைசிப் பகுதி முக்கியம், அதை அவசரமாக எழுதாதீர்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. மற்ற அரசுப் பள்ளிகள் இந்திய நிர்வாகத்துக்குப் போக, இந்தப் பள்ளி மட்டும் பிரெஞ்சு அரசின் கையிலேயே தொடர ஒப்பந்தத்தில் இடம் வைத்தார்கள். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். பிரெஞ்சைத் தேர்ந்தவர்கள் சுமார் 5000 பேர். லிசேயின் பிற்கால மாணவர்கள் யார் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த வரியில் இருக்கிறது. 1990-இல் வெளிநாட்டு பிரெஞ்சுப் பள்ளிகளுக்கென்று பாரிஸில் ஒரு அரசு முகமை அமைந்தது. உலகம் முழுக்க 500-க்கு மேற்பட்ட பள்ளிகள் உள்ள அந்த வலைப்பின்னலில் புதுச்சேரியும் ஒன்று.

உங்கள் பள்ளி வட ஆற்காட்டில் என்றால் இடது பக்கம் வேறு மாதிரி வரும். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டின் தலைமையிடம் சித்தூர்தான். 1905-இல் ஆரணியில் ஒரு பள்ளிக்கு அனுமதி கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தின் தலைப்பில் சித்தூர் என்றிருக்கும், வேலூர் என்றிருக்காது. 1989-இல் வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். ஒவ்வொரு பிரிவினையிலும் ஃபைல்கள் கட்டுக்கட்டாக இடம் மாறின. எந்த ஆண்டு ஃபைல் எந்த ஆபீசுக்குப் போயிருக்கும் என்று யோசிக்காமல் கலெக்டர் ஆபீஸ் படியேறினால் 'அது இங்க இல்லபா' என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

நம் ஜில்லாவுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பழைய கணக்கு உண்டு என்பது வேறு கதை. 1749-இல் ஆம்பூரில் பிரெஞ்சுப் படையும் கூட்டாளிகளும் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனை வீழ்த்தினார்கள். 1760-இல் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். அந்த வந்தவாசித் தோல்வி இல்லையென்றால் நானும் இன்று பிரெஞ்சில் பில் போட்டுக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் உங்கள் புத்தகத்தில் இதை ஒரு பத்திக்கு மேல் இழுக்காதீர்கள். பள்ளி வரலாறு எழுத உட்கார்ந்தவர்கள் பலரும் கர்நாடகப் போரிலேயே நாற்பது பக்கம் போய்விடுகிறார்கள்.

ஆவணம் எங்கே கிடைக்கும்

வீட்டிலிருந்தே தொடங்கலாம். பிரான்சின் தேசிய நூலகம் 'காலிக்கா' என்று ஒரு தளம் வைத்திருக்கிறது, காசு கிடையாது. புதுச்சேரி அரசு அச்சகம் வெளியிட்ட 'ஆனுவேர்' என்ற ஆண்டுக் கையேடுகள் அதில் நிறைய இருக்கின்றன. ஊரில் எந்த ஆபீசில் யார் என்ன பதவியில் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லும் புத்தகம். அதில் பொதுக்கல்வி என்ற தலைப்பின் கீழ் பள்ளிகளைப் பாருங்கள். அரசிதழும் உண்டு, ஒரு காலத்தில் 'மோனித்தேர்', பிறகு 'ழூர்னால் ஒஃபிசியேல்'. பிரெஞ்சுப் பள்ளிகளில் ஆண்டு முடிவில் பரிசளிப்பு விழா பெரிய சடங்கு. ஆளுநரே வந்து உட்காருவார். பரிசு வாங்கிய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அந்தந்த ஆண்டின் அரசிதழில் விழா மாதத்தை ஒட்டித் தேடுங்கள்.

ஆனுவேரை எப்படிப் படிப்பது? எல்லா ஆண்டையும் படிக்க உட்கார்ந்தால் கண்தான் போகும். பத்து ஆண்டுக்கு ஒன்றாக எடுங்கள். ஒவ்வொன்றிலும் பள்ளியின் பட்டியலை அப்படியே ஒரு அட்டவணையில் இறக்குங்கள்: தலைவர் யார், எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர், தமிழுக்கு வாத்தியார் உண்டா, பெயரில் தமிழ்ப் பெயர் எத்தனை, பாதிரியார் எத்தனை. இரண்டு பட்டியலுக்கு நடுவே பெரிய மாற்றம் தெரிந்தால் மட்டும் இடையில் உள்ள ஆண்டுகளைப் பிரியுங்கள். அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பெரியவர் சொன்னார்: "நான் படிச்ச ஸ்கூலை இப்பதான் தம்பி பார்க்கிறேன்." அதுவரை அவர் எழுதி வைத்திருந்த முதல் அத்தியாயம், ஆளுநரைப் புகழ்ந்து ஒன்பது பக்கம், குப்பைக் கூடைக்குப் போனது. எனக்கு நிம்மதி.

நேரில் போக வேண்டிய இடம் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளை. லாஸ்பேட்டையில் இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகம் விட்டுப்போன காகிதங்களில் பெரும்பகுதி அங்கே. அடையாள அட்டை, நகல், என்ன பொருளில் எந்த ஆண்டுகளைத் தேடுகிறீர்கள் என்று எழுதிய ஒரு கடிதம், பென்சில் இவை போதும். 'பள்ளி வரலாறு' என்று மொட்டையாகச் சொன்னால் கொடுப்பவருக்கும் எதை எடுப்பது என்று தெரியாது. '1870 முதல் 1900 வரை, பொதுக்கல்வி, ஆசிரியர் நியமனம்' என்று கேளுங்கள். பக்கம் புரட்ட எச்சில் தொடாதீர்கள், நம் ஊர்ப் பழக்கம் அது.

வேலூரிலிருந்து ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போவது எனக்குப் பிடித்த பாதை. சேத்துப்பட்டில் கொஞ்சம் இறங்கினால் தார்ராஸ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுப்பிய லூர்து மாதா கோயில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் பாதிரிமார் பாடம் நடத்தியிருந்தால் இப்படிப்பட்ட பங்குகளின் பதிவேடுகளும் உதவும்.

ரோமன் ரோலான் நூலகத்தின் பழைய பிரெஞ்சுப் பகுதி, 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பள்ளிக்குள்ளேயே இருக்கும் பதிவேடுகளைப் பார்க்க அதன் தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். அவர் பதவிக்கு 'புரோவிசேர்' என்று பெயர். பிரெஞ்சில் அரைப் பக்கம் போதும். வீட்டில் பெரியவர் யாரும் இல்லையென்றால் மார்க்குக்காக பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் வேலூரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் பதில் வரும் என்று சொல்ல மாட்டேன். ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதம் மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் நாங்களே நகல் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் அப்படி ஒரு கடிதம் வந்ததென்று ஒத்துக்கொண்டார்கள்.

பிரான்சில் இருப்பவை இரண்டு இடம். குடியேற்ற நாடுகளின் காகிதம் எய்க்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில். பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளை அவர்கள் இணையத்திலேயே படமாகப் போட்டிருக்கிறார்கள். 1954-க்குப் பிந்தைய தூதரகக் காகிதம் என்றால் நான்த் நகரில் உள்ள வெளியுறவுத் துறைக் காப்பகத்தில் கேட்க வேண்டும். உறவுக்காரர் யாராவது பாரிஸில் இருந்தால் அவரை அனுப்புங்கள். புதுச்சேரிக் குடும்பங்களில் அப்படி ஒருவர் இல்லாத வீடு குறைவு.

நம் பக்கத்துப் பள்ளிகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சென்னை மாகாணப் பொதுக்கல்வி அறிக்கைகள், அப்புறம் காக்ஸ் 1881-இல் எழுதிய வட ஆற்காடு மாவட்டக் கையேடு. ஸ்டூவர்ட் திருத்திய பின்பதிப்பும் உண்டு, இரண்டையும் பாருங்கள்.

பெயர்கள் படுத்தும் பாடு

தேடும்போது நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். முத்துசாமி என்று தேட ஆங்கிலப் பழக்கத்தில் எம்-யூ என்று தட்டுவோம். பிரெஞ்சுக்காரர் 'மு' எழுத எம்-ஓ-யூ போடுவார்கள். சுப்பராயன், குப்புசாமி, வேலு எல்லாவற்றுக்கும் இதே கதை. 'செட்டியார்' தொடக்கத்தில் சி-எச் இருக்கும் இடத்தில் முன்னால் ஒரு டி சேர்ந்திருக்கலாம். ஒரே ஆளின் பெயர் ஒரே ஆண்டில் மூன்று விதமாக வரும். அதனால் ஒரு பெயருக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் 1881 செப்டம்பர் 21 ஆணை. அதன்படி இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படி வந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். அவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த இயக்கத்துக்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873-இல் சிக்கலில் மாட்டியவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். 1875 பட்டியலில் பொன்னுத்தம்பி, 1885 பட்டியலில் லபோர்த் என்று பார்க்கிறவருக்கு இரண்டு ஆளாகத் தெரியும். பரிசுப் பட்டியலில் பிரெஞ்சுப் பெயர் கூடியிருக்கிறதே, வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பாதிப்பேர் நம் முதலியார், பிள்ளை வீட்டுப் பையன்களாக, ஆதிதிராவிடக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்கக்கூடும். பிறப்புப் பதிவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

வகுப்பு எண் இன்னொரு பொறி. பிரெஞ்சு முறையில் எண் இறங்கும். பதினொரு வயதுப் பிள்ளை ஆறாவதில் சேரும், அடுத்து ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது. அதோடு கொலேழ் முடிந்தது. பிறகு லிசேயில் இரண்டாவது, முதலாவது, கடைசியில் 'தெர்மினால்'. அங்கேதான் 'பக்கலோரேயா' தேர்வு, பேச்சில் 'பாக்'. "மூணாவது படிக்கும்போது மீசை முளைச்சது" என்று பெரியவர் சொன்னபோது என் கடைப் பையன் சிரித்தே விட்டான். இதைப் புத்தகத்தில் அப்படியே விட்டால் வாசகரும் சிரிப்பார். வயதை அடைப்பில் போடுங்கள். 'கொலேழ்' என்பது இன்றைய முறையில் நான்கு வருட நடுநிலை. 19-ஆம் நூற்றாண்டில் அதே பெயர் முழுப் பள்ளிக்கும். எந்தக் காலத்து கொலேழ் என்று ஒவ்வொரு முறையும் தெளிவாக எழுத வேண்டும்.

பெரியவர்களைப் பேச வைப்பது

'உங்கள் பள்ளி அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். 'பொற்காலம் தம்பி' என்பார்கள், அதோடு முடிந்தது. பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். எங்கள் பெரியவரிடம் ஒரு மதிப்பெண் புத்தகம் இருந்தது. நீல அட்டை, ஓரம் கரையான் கடித்தது. எல்லாப் பாடத்துக்கும் 20-க்கு மார்க். கணக்குக்கு 11. அதன் எதிரே ஊதா மையில் சாய்வெழுத்தில் மூன்றே சொல், 'இன்னும் நன்றாகச் செய்ய முடியும்' என்று பொருளாம். "அந்தக் காலத்து வாத்தியார் பாதிப் பேருக்கு இதைத்தான் எழுதுவார். 11 வாங்கினா எங்க வீட்ல பாயசம். இங்க உங்க வேலூர்ல 98 வாங்கிட்டு அழுவுதுங்க" என்றார். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அவர் ஒரு மதியம் முழுக்கப் பேசினார்: கணக்கு வாத்தியார் சுண்ணாம்புக்கட்டியை எறிவது, மைதானத்தில் தமிழ் பேசினால் யார் கண்டுகொள்வார்கள் யார் கண்டுகொள்ள மாட்டார்கள், மழைக்காலத்தில் கடல் சத்தம் கேட்கும் வகுப்பு எது என்று.

கேட்க வேண்டிய கேள்விகளில் சில: காலையில் பள்ளிக்கு எந்தத் தெரு வழியாகப் போனீர்கள்? மதியச் சாப்பாடு எங்கே, யாரோடு? உங்கள் பெஞ்சில் இடமும் வலமும் யார்? அப்பாவை எப்போதாவது பள்ளிக்குக் கூப்பிட்டார்களா, வந்தபோது அவரை உட்காரச் சொன்னார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதுச்சேரிக்காரர் 'சுதந்திரத்துக்கு அப்புறம்' என்று சொன்னால் உடனே நிறுத்தி எந்தச் சுதந்திரம் என்று கேளுங்கள். நமக்கு 1947 ஆகஸ்ட் 15 ஒன்றுதான். அவர்களுக்கு 1954 நவம்பர் 1 உண்டு, 1962 ஆகஸ்ட் 16-உம் உண்டு. 'சுதந்திரத்துக்கு அப்புறம் வெள்ளைக்கார வாத்தியார் குறைஞ்சுட்டாங்க' என்ற ஒரே வாக்கியம் மூன்று வேறு காலத்தைக் குறிக்கலாம். எந்த வகுப்பில் இருந்தீர்கள் என்று கேட்டால் ஆண்டு தானாக வந்துவிடும். நினைவில் சொன்ன ஆண்டை ஆனுவேர் அட்டவணையோடு ஒட்டிப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பெரியவரைத் திருத்தப் போகாதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுவிடுங்கள், வாசகர் பார்த்துக்கொள்வார்.

கதவு யாருக்குத் திறந்தது

எந்தப் பள்ளி வரலாற்றிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: யார் உள்ளே வந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள், அது எந்த ஆண்டில் மாறியது? நிறுவனருக்கு மாலை போடுகிற கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை.

1826-இல் திறந்த அரசர் கல்லூரி ஐரோப்பியர், கலப்பு வம்சாவளியினர் வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கியது. அன்றைய புதுச்சேரி நிர்வாகம் ஜனங்களை ஐரோப்பியர், தொப்பிக்காரர் எனப்பட்ட கலப்பினத்தார், இந்தியர் என்று பிரித்தே கணக்கெழுதியது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனி வழி. பின்னாளில் வந்த கல்வே கல்லூரி கல்வே சுப்பராய செட்டியார் பெயரைத் தாங்கி நிற்கிறதே, அது எதற்குத் தேவைப்பட்டது என்று யோசித்தால் போதும், அரசர் கல்லூரியின் கதவைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். ஆகவே லிசேயின் வரலாற்றை எழுதும்போது பக்கத்துத் தெருப் பள்ளிகளையும் சேர்த்தே எழுதுங்கள். 1844-இல் தொடங்கிய பெத்தி செமினேர், கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி, கல்வே எல்லாம் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு வளர்ந்தவை. தனியாக ஒன்றை மட்டும் எழுதினால் கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்த மாதிரி இருக்கும்.

வேலையாக இதைச் செய்வது எப்படி? மூன்று பட்டியல் தயாரியுங்கள். முதல் தமிழ்ப் பெயர் மாணவர் பட்டியலில் எந்த ஆண்டு வருகிறது? முதல் தமிழ் ஆசிரியர், தமிழ்ப் பாடத்துக்கல்லாமல் வேறு பாடத்துக்கு, எந்த ஆண்டு? முதல் பெண் பிள்ளை எந்த ஆண்டு? இந்த மூன்று ஆண்டுகளும் கிடைத்தால் உங்கள் புத்தகத்துக்கு எலும்புக்கூடு கிடைத்துவிட்டது. பிள்ளைகள் கட்டிய சம்பள விகிதமும் உதவித்தொகை விதியும் அரசிதழில் கிடைத்தால் அதையும் சேருங்கள். மாதச் சம்பளத்தை அதே ஆண்டின் அரிசி விலையோடு வைத்துக் காட்டினால் எந்த வீட்டுப் பிள்ளை படித்திருக்க முடியும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரியவருக்கு இந்த அத்தியாயம் முதலில் பிடிக்கவில்லை. "நம்ம ஸ்கூலை நாமே குறை சொல்லணுமா?" என்றார். ஆண்டுகளை மட்டும் போடுவோம், நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். சம்மதித்தார். பிறகு அவரே தன் தாத்தாவை ஒரு பள்ளியில் சேர்க்க மறுத்த கதையை, எந்தப் பள்ளி என்று சொல்லாமல், அதே அத்தியாயத்தில் சேர்த்தார். புத்தகத்தில் எனக்குப் பிடித்த இரண்டு பக்கம் அவை.

படமும் அச்சும்

குரூப் போட்டோதான் விற்கும். யாராக இருந்தாலும் முதலில் தன் மூஞ்சியைத் தேடுவார்கள். போட்டோவை ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் 'டாக்குமெண்டாக' அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சில் முகம் கஞ்சியாகிவிடும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும், ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். யார் யார் என்று அடையாளம் காண, படத்தின் பிரிண்ட் மேல் பட்டர் பேப்பர் வைத்துத் தலைகளைக் கோட்டுருவாக வரைந்து எண் போடுங்கள். அதன் நகலை நாலு பழைய மாணவர்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுகிறவர் சொன்ன பெயர்தான் நிற்கும்.

டெம்மி அளவில் ஒரு பாரம் 16 பக்கம். ஆறு பாரம், 96 பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு எழுதுங்கள். 99 பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் மிச்சம் 13 பக்கத்தை நிரப்ப மறுபடி வாழ்த்துச் செய்தி கேட்டு அலைய வேண்டும். உள்ளே 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதும், படங்களுக்கு மட்டும் ஒரு பாரம் ஆர்ட் பேப்பர். பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒரே மாதிரி வர ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு புரூஃப் பாருங்கள். ஒரு பக்கத்தில் தெபாசின், அடுத்த பக்கத்தில் டெஸ்பாசின்ஸ் என்று வந்தால் இரண்டு ஆளுநர் ஆகிவிடுவார்கள்.

ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இடைத்தரகர் கேட்டால் காசு கொடுக்காதீர்கள். அச்சானதும் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் மூன்றுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். லிசே நூலகத்துக்கு, ரோமன் ரோலானுக்கு, பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு, வேலூர் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒவ்வொன்று. செலவு மிச்சம் என்று சென்டர் பின் அடிக்கச் சொல்லாதீர்கள். பின் அடித்த புத்தகத்துக்கு முதுகு கிடையாது, அலமாரியில் செருகினால் யாருக்கும் தெரியாது. பெர்ஃபெக்ட் பைண்டிங் போடுங்கள். 96 பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் முதுகு வரும், அதில் பள்ளியின் பெயரும் 1826 என்ற ஆண்டும் தாராளமாக அடங்கும்.